ஏற்றம் ஏறி நிறுத்தினால் பெட்ரோல் வாசனை: சிட்டி கோல்ஃப் 1.8 டர்போ, எங்கே பார்ப்பது?

சிட்டி_20வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், இதில் எது முக்கியம் எது இல்லை என்று எனக்கே பிடிபடவில்லை.

வண்டி 1998 ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப். கார்புரேட்டரோடு வந்த வண்டி, இப்போது உள்ளே இருப்பது 20 வால்வ் 1.8 டர்போ. எஞ்சின் மாற்றியது எனக்கு முன்னால் வைத்திருந்தவர். நான் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம், 1 பார்.

போன ஞாயிறு பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி ஹில்கிரெஸ்டில் மாமா வீட்டுக்குப் போனேன். நன்றாக மிதித்துத்தான் ஏறினேன், மறைக்கவில்லை. வழியில் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிட்டு உள்ளே போய் டீ குடித்து, பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தால் கேட் வரைக்கும் பெட்ரோல் வாசனை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கேயும் ஈரம் இல்லை. ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஐடிலில் விட்டுப் பார்த்தேன், அப்போதும் ஒரு சொட்டு இல்லை.

புதன்கிழமை மறுபடி அதே ஏற்றம், அதே வாசனை. இந்த முறை ரோபோவில் (சிக்னலில்) சிவப்புக்கு நின்றபோது ஃபயர்வால் (எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) பக்கமிருந்து மெல்லிசாக வெள்ளைப் புகையும் வந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் பின் சீட்டில் இருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கே தேடுவது? அப்புறம் வண்டியில் வைக்க எந்தத் தீயணைப்பு சிலிண்டர் வாங்குவது? கடையில் ஒருவர் ஒரு கிலோ பவுடர் போதும் என்கிறார், இன்னொருவர் பவுடர் போட்டால் எஞ்சின் போச்சு என்கிறார்.

பீனிக்ஸ்_பட்டறை

தம்பி, முதலில் சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். கண்டுபிடிக்கும் வரை இந்த வண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது, பக்கத்துக் கடைக்குக்கூட வேண்டாம்.

நீங்கள் சொல்வதில் இரண்டு வியாதி இருக்கிறது. வாசனை பெட்ரோல். புகை பெட்ரோல் இல்லை, ஏனென்றால் பெட்ரோல் சூட்டில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போய்விடும். வெள்ளையாகப் புகைந்தால் அது பெரும்பாலும் ஆயில், அல்லது பிரேக் ஆயில். பல பேர் பெட்ரோலுக்கு மட்டும்தான் பயப்படுகிறார்கள், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்து தானாகப் பற்றுவதில் ஆயிலும் பிரேக் ஆயிலும்தான் சுலபம். பெட்ரோல் நிற்காமல் ஓடிவிடும், ஆயில் ஒட்டிக்கொண்டு நின்று சூடேறும். பெட்ரோலுக்குப் பெரும்பாலும் ஒரு பொறி வேண்டும், தேய்ந்த ஒயரோ ஆல்டர்நேட்டரோ கொடுக்கும் பொறி. அல்லது ஏற்கெனவே எரிகிற ஆயில். உங்கள் வண்டியில் இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐடிலில் ஏன் சொட்டவில்லை? இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்தான் ரெயில். அதில் இருக்கும் பிரஷர் ரெகுலேட்டர் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில்) உள்ள அழுத்தத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. 3 பார் ரெகுலேட்டர் என்றால் ஐடிலில் வேக்குவம் இழுப்பதால் பெட்ரோல் பிரஷர் இரண்டரை பார் அளவில்தான் இருக்கும். நீங்கள் ஏற்றத்தில் 1 பார் பூஸ்ட் ஏற்றினால் அது 4 பாராகிவிடும். இரண்டரைக்குத் தாங்குகிற ஹோஸ் நாலுக்குத் தாங்காது. மிதிக்கும்போது கசியும், ஓட்டத்தில் காற்று அடித்துக்கொண்டு போவதால் வாசனை தெரியாது. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், டர்போவின் சூடு அப்படியே மேலே கிளம்பி பானெட்டுக்குள் முன்னைவிட அதிகமாகும், அப்போதுதான் நனைந்த இடமெல்லாம் ஆவியாகும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே பற்றுவதற்குப் போதும்.

அதனால் எஞ்சினை ஓட்டாமலே பிரஷரை ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், வண்டி வெளியில் திறந்த இடத்தில் நிற்க வேண்டும், கையில் சிலிண்டர் இருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள். அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, தேடல் அங்கேயே முடிந்தது. காய்ந்திருந்தால் அந்த நிப்பிளில் ஒரு கைப்பம்பை மாட்டி 1 பார் ஏற்றி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி பம்பை ஓட விடுங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு மூட்டிலும் சுற்றித் தொட்டுப் பாருங்கள். இன்ஜெக்டரின் மேல் ஓ-ரிங், ரெயிலின் இரு முனை, ஃபில்டர், பிறகு ஹோஸ் முழு நீளமும். சூடு தாங்க உறை போட்டிருந்தால் அதை உருவி எடுத்துவிட்டுப் பாருங்கள், உறைக்குள் நனைந்திருப்பது வெளியே தெரியாது.

கரும்புக்காட்டு_அக்கா (டோங்காட்)

பீனிக்ஸ் அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்கு எஞ்சினைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருடைய பழைய பிஎம்டபிள்யூ இ30, 2014இல் என்2 நெடுஞ்சாலை ஓரத்தில் எரிந்தது. பவர் ஸ்டீயரிங் ஹோஸ் விட்டு ஆயில் எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சியடித்தது. புகையைப் பார்த்ததும் ஓரம் கட்டினார், அதுவரை சரி. இறங்கி ஓடிப்போய் பானெட்டை முழுசாகத் தூக்கினார். அதுவரை உள்ளே புகைந்துகொண்டிருந்தது காற்று கிடைத்ததும் ஒரே மூச்சில் மேலே எழுந்தது. புருவம், முன்தலை முடி, வலது கை. அன்று அவர் போட்டிருந்தது பாலியெஸ்டர் ஃபுட்பால் ஜெர்சி. கை எரிந்ததைவிட அந்தத் துணி உருகித் தோலில் ஒட்டியதுதான் ஆற மாதக்கணக்கானது. டிரெசிங் மாற்றும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

2020 நவம்பரில் பஹ்ரைனில் ஃபார்முலா 1 டிரைவர் ரோமன் க்ரோஷான் அந்த நெருப்புக்குள்ளிருந்து உயிரோடு வந்தாரே, அவர் உடம்பில் தலை முதல் கால் வரை தீ தாங்கும் உடை இருந்தது, அப்படியும் கைகள் வெந்தன. நம்மிடம் அந்த உடை கிடையாது. டெஸி ரேஸ் டிராக்குக்கு ஓட்டப் போகிற பையன்களுக்கு இதைத்தான் சொல்கிறேன், பருத்திச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய ஷூ. செருப்போடு போகாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் காய்ந்த சோகை ரோட்டோரமெல்லாம் கிடக்கும். மிதித்து ஓட்டிவிட்டு அதன் மேல் நிறுத்தாதீர்கள். அடியில் எக்ஸாஸ்டும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கிற சூட்டுக்கு சோகை பற்ற அதிக நேரம் ஆகாது.

சிட்டி_20வி

அக்கா, படித்துவிட்டு என் மனைவியிடமும் காட்டினேன். அண்ணனுக்கு கை இப்போது சரியாகிவிட்டதா?

இன்று காலை சோதனை செய்தேன். வேக்குவம் ஹோஸ் காய்ந்துதான் இருந்தது. சாவியைத் திருப்பினேன், பம்ப் ஓடியது, சைக்கிள் பம்பால் 1 பார் ஏற்றினேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அண்ணன் சொன்னது போல உறையை உருவினேன். பெட்ரோல் ஹோஸ் ஃபயர்வாலிலிருந்து டர்போவுக்குப் பின்னாலேயே வந்து, சுற்றி முன்பக்கம் ரெயிலுக்குப் போகிறது. டர்போவிலிருந்து என் கையின் நாலு விரல் அகலம்கூட இல்லை. உறையின் உள்பக்கம் சொதசொதவென்று இருந்தது. ஹோஸை விரலால் வளைத்தால் மேல் ரப்பர் காய்ந்த சேறு மாதிரி வெடிப்பு விடுகிறது. கிளாம்ப் சாதாரண திருகு கிளாம்ப், அதன் பல் ரப்பருக்குள் வெட்டி இறங்கியிருக்கிறது, அந்த வெட்டிலிருந்துதான் ஊசி முனை அளவு கசிகிறது. ஹோஸைத் துடைத்து வெள்ளை எழுத்தைப் படித்தேன்: எஸ்ஏஇ 30 ஆர்6.

பீனிக்ஸ்_பட்டறை

ஆர்6 கார்புரேட்டர் காலத்து ஹோஸ். குறைந்த பிரஷருக்கானது. யாரோ பழைய ஹோஸை அப்படியே நீட்டிவிட்டிருக்கிறார். இன்ஜெக்‌ஷனுக்கு ஆர்9 என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள், 7 பார் வரை தாங்கும். டாங்குக்குள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிற துண்டுக்கு அதுவும் ஆகாது, அங்கே ஆர்10தான். கிளாம்ப், ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளாம்ப். வழியை மாற்றுங்கள், டர்போ பக்கமே போகாமல் கியர்பாக்ஸ் பக்கமாகக் கொண்டு வாருங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட ஆசைப்பட்டால் போடுங்கள், ஆனால் அது ஒயரிலோ இன்னொரு ஹோஸிலோ உரசினால் அரம் மாதிரி அறுக்கும், கட்டாயம் பிடிமானம் வேண்டும்.

ஒரு கேள்வி. சாவியை ஆனில் வைத்ததும் பம்ப் இரண்டு விநாடி ஓடி நின்றதா, நிற்காமல் ஓடியதா? இரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சிட்டி_20வி

நிற்கவே இல்லை. சாவியை அணைக்கும் வரை ஓடியது. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பீனிக்ஸ்_பட்டறை

இல்லை தம்பி. ஹோஸைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

எஞ்சின் சுற்றவில்லை என்றால் பம்ப் நிற்க வேண்டும். கம்பெனியிலிருந்து அப்படியே வந்த வண்டியில் இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) எஞ்சின் சுற்றுவதைப் பார்த்துத்தான் பம்ப் ரிலேயைப் பிடித்துவைக்கிறது. உங்கள் வண்டியில் கார்புரேட்டர் காலத்தில் எலக்ட்ரிக் பம்பே இருந்திருக்காது, மாற்றியவர் சாவியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிட்டிருக்கிறார். இதன் அர்த்தம், நாளைக்கு ஹோஸ் விட்டு எஞ்சின் நின்றுபோனாலும், சாவி ஆனில் இருக்கும் வரை பம்ப் தீக்குள் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். டாங்க் காலியாகும் வரை. எத்தனை கிலோ சிலிண்டர் வைத்திருந்தாலும் அதற்கு ஈடாகாது.

ரிலேயின் கண்ட்ரோல் ஒயரை இசியூவின் பம்ப் அவுட்புட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த சர்க்யூட்டில் ஓர் இனர்ஷியா ஸ்விட்சும் சேருங்கள், ஸ்கிராப்யார்டில் பழைய ஃபோர்டுகளில் கிடைக்கும், மோதினால் தானே வெட்டிவிடும். டேஷில் கை எட்டுகிற இடத்தில் ஒரு கட் ஸ்விட்ச். எல்லாம் சேர்த்து ஒரு நாள் வேலை.

புகைக்கு, ராக்கர் கவர் (எஞ்சினின் மேல் மூடி) கேஸ்கெட்டின் பின் ஓரத்தைப் பாருங்கள். இந்த எஞ்சினில் அங்கே கசிந்தால் நேராக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான் விழும். மேனிஃபோல்டில் துணி மாதிரி சூட்டு நாடா சுற்றியிருந்தால், ஆயில் குடித்திருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். குடித்திருந்தால் கழுவ முயல வேண்டாம், அறுத்து எறியுங்கள். அது இப்போது விளக்குத் திரி.

சிவப்பு_வண்டி (தீயணைப்பில் 19 வருடம், இப்போது ஓய்வு)

சிலிண்டர் கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

பவுடர் எஞ்சினைக் கெடுக்குமா? ஈரம் பட்டால் அலுமினியத்தையும் ஒயர் மூட்டுகளையும் அரிக்கும், உண்மை. அடித்த பிறகு நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், அதுவும் உண்மை. ஆனால் எரிந்த வண்டியில் சுத்தம் செய்ய ஒன்றும் மிஞ்சாது. ஒரு கிலோ பவுடர் பத்து விநாடிக்குள் காலியாகிவிடும். பவுடர் சுடரை அணைக்கும், இரும்பைக் குளிர வைக்காது, அதனால் அணைந்தது மறுபடி பிடிக்கும், அப்போது கையில் வெறும் டப்பாதான் இருக்கும். இடம் இருந்தால் இரண்டு கிலோ வாங்குங்கள். நுரை சிலிண்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, குளிர வைக்கும், பெட்ரோலை மூடவும் செய்யும். கார்பன் டை ஆக்சைடு திறந்த வெளியில் காற்றோடு போய்விடும், வண்டிக்கு வேண்டாம்.

எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கத் தரச் சான்று) முத்திரை, வருடா வருடம் சர்வீஸ், பிரஷர் முள் பச்சையில். பவுடர் வண்டி அதிர்வில் அடியில் இறுகிப்போகும், மாதம் ஒரு முறை தலைகீழாகப் பிடித்து ரப்பர் சுத்தியலால் அடியில் நாலு தட்டு தட்டுங்கள், உள்ளே பவுடர் சரிவது கையில் தெரியும். டிக்கியில் வைக்காதீர்கள். டிரைவர் சீட்டுக்கு முன்னால், இரும்புப் பிடியில், தரையோடு போல்ட் போட்டு.

பற்றிக்கொண்டால் வரிசை இதுதான்: ஓரம் கட்டு, சாவியை அணை, ஆட்களை இறக்கு, 112 அல்லது 10177. சிலிண்டர் அதற்கு அப்புறம்தான். பானெட்டை முழுசாகத் திறக்காமல் உள்ளே இருக்கும் லீவரை மட்டும் இழுத்து, அந்த விரல் இடைவெளியில் நாசிலை வைத்து அடியுங்கள். லீவர் வரவில்லை என்றால் கிரில் வழியாக, வீல் ஆர்ச் வழியாக. காற்று உங்கள் முதுகில் இருக்கட்டும். சிலிண்டர் தீர்ந்தும் எரிந்தால் விட்டுவிட்டு விலகுங்கள். வண்டியில் ஃபோன் இருக்கிறது என்று திரும்பிப் போனவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

பிள்ளைகள் பின் சீட்டில் என்றீர்களே, ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு.

கரும்புக்காட்டு_அக்கா (டோங்காட்)

கை சரியாகிவிட்டது தம்பி, சுண்டு விரல் மட்டும் முழுசாக மடங்காது. அவரே படித்துவிட்டு நன்றி சொல்லச் சொன்னார்.

சிட்டி_20வி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆர்9 ஹோஸ் கியர்பாக்ஸ் பக்கமாக வருகிறது. பம்ப் இப்போது இரண்டு விநாடி ஓடி நின்றுவிடுகிறது. ராக்கர் கவர் கேஸ்கெட் பின்பக்கம் கல்லாக இறுகியிருந்தது, மாற்றியாயிற்று. மேனிஃபோல்ட் நாடாவை அறுத்தபோது கத்தியெல்லாம் கருப்பு ஆயில். இன்ஷூரன்ஸில் எஞ்சின் மாற்றியதை முந்தையவர் சொல்லவே இல்லை, அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை நான் மட்டும் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி, மேலே நிறுத்திக் கால் மணி நேரம் பானெட் பக்கத்திலேயே நின்றேன். சூடான இரும்பு வாசனை மட்டும்தான்.

சிவப்பு வண்டி அண்ணா சொன்னபடி முற்றத்தில் பிள்ளைகளை இறக்கிப் பார்த்தோம். முதல் தடவை 40 விநாடி. பின் கதவில் சைல்ட் லாக், நான் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்தால்தான் உண்டு. சின்னவனுக்குப் பெல்ட் பட்டனை அழுத்தப் பலம் போதவில்லை, பட்டன் துருவேறி இறுகியிருந்தது, எனக்கே கட்டை விரல் வலித்தது. இரண்டு பக்கிளையும் மாற்றினேன். மூத்தவள் பக்கம் மட்டும் லாக்கை எடுத்துவிட்டு, நான் "இறங்கு" என்று சொன்னால் மட்டுமே திறக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நேற்று 14 விநாடி. அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேப்பமரம் வரை ஓடிப் போய் நின்றாள்.