வயது முதிர்ந்த ஹாம்ஸ்டரின் கடைசிக் காலம்: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஈசூன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடு ஒன்றில் வசிக்கிறோம். எங்களிடம் சிரிய இனத்துப் பெண் ஹாம்ஸ்டர் (எலி போன்ற சிறு வளர்ப்பு விலங்கு) ஒன்று இருக்கிறது. மல்லி என்று பெயர், வயது இரண்டேகால். சில வாரங்களாக அது இரவிலும் பெரும்பாலான நேரம் உறங்குகிறது, சக்கரத்தில் ஏறுவதில்லை, நடக்கும்போது பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன, தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. வலக்கண்ணில் வெண்படலம் படர்ந்திருக்கிறது. முன்பு 140 கிராம் இருந்த எடை இப்போது 112 கிராமுக்கு இறங்கிவிட்டது. சூரியகாந்தி விதைகளைக் கன்னப்பையில் அடைத்துச் சென்று படுக்கைக்கடியில் சேர்த்துவைக்கிறதே தவிர, உடைத்துத் தின்பதில்லை.

கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். பற்களில் கோளாறு இல்லை, இதயம் பலவீனமடைந்திருக்கிறது, மயக்க மருந்து கொடுத்து மேற்கொண்டு சோதனைகள் செய்வதை இந்த உடம்பு தாங்காது என்றார். வலிக்கு ஒரு மருந்தும், நுரையீரலில் நீர் சேராமல் இருக்க ஒரு சொட்டு மருந்தும் கொடுத்து, இனி துன்பமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்படி வைத்துக்கொள்ள நாள்தோறும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்கத்தான் இங்கே எழுதுகிறேன். கூண்டில் எதை மாற்றுவது, எதை உண்ணக் கொடுப்பது, வலிக்கிறதா என்பதை எப்படி அறிவது? தனியாகக் கிடக்கிறதே, துணைக்கு இன்னொன்று வாங்கி விடலாமே என்று என் மாமியார் கனிவோடு சொல்கிறார், அது சரிதானா? மல்லி எங்கள் எட்டு வயது மகனின் செல்லம் என்பதால் அவனிடம் இதை எப்படிப் பேசுவது என்பதிலும் உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும்.

பஞ்சுவால்

வணக்கம் சகோதரி. சிரிய ஹாம்ஸ்டரின் ஆயுள் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள்தான். ஆகவே இரண்டேகால் வயது என்பது நல்ல முதுமை. உங்கள் பராமரிப்பில் குறை இருந்ததால் இந்த நிலை வந்தது என்று எண்ண வேண்டாம்.

முதலில் மாமியாரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் தாமதமோ தயக்கமோ கூடாது. துணை வேண்டவே வேண்டாம். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய அனைத்தும் 1930-ல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே வயல்வெளியில் ஒரு வளையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட தாய், குட்டிகளின் வழிவந்தவை. அந்த வயல்வெளியில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வளை தோண்டித் தனித்தே வாழும். வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் சண்டை வரும். தள்ளாடும் மல்லியால் அதிலிருந்து தப்ப முடியாது. தனிமை அதற்குத் துயரமில்லை, இயல்பு.

கூண்டை ஒரே தளமாக்கிவிடுங்கள். ஏணி, மாடி, உயரமான குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கால் பலமில்லாதபோது ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியலாம். சக்கரத்தை மட்டும் உடனே எடுக்க வேண்டாம். ஏறி இறங்க முடிகிற தாழ்வான நிலையில் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும், சில முதிய ஹாம்ஸ்டர்கள் அதில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கவும் விரும்பும். தண்ணீர்ப் புட்டியின் முனையைக் கழுத்தை நிமிர்த்தாமல் குடிக்கும் உயரத்துக்கு இறக்கிவிட்டு, பக்கத்தில் மூடியளவு ஆழமுள்ள கனமான கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். நுரையீரல் நீருக்கான மருந்து சிறுநீரைப் பெருக்குவதால் அதற்குத் தாகம் கூடும், படுக்கையும் அடிக்கடி நனையும். நனைந்த பகுதியை மட்டும் நாள்தோறும் எடுத்துப் புதிய காகிதப் படுக்கை இடுங்கள், கூண்டு முழுவதையும் ஒரே நாளில் கழுவிவிடாதீர்கள். பார்வை மங்கிய ஹாம்ஸ்டர் தன் வாசனையையும் மீசை மயிரையும் நம்பித்தான் வழி கண்டுபிடிக்கிறது. பழைய கூட்டின் ஒரு பிடி எப்போதும் உள்ளே இருக்க வேண்டும், உணவும் தண்ணீரும் கூடும் இருக்கும் இடங்கள் மாறக் கூடாது. மென்மையாக இருக்கிறதே என்று பஞ்சு வைத்துவிடாதீர்கள். அதன் இழைகள் காலில் சுற்றி இறுகும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

உணவைப் பொறுத்தவரை, வழக்கமாகக் கொடுக்கும் பெல்லட் உணவை (அழுத்திச் செய்த சிறு கட்டித் தீவனம்) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுப்பதே நல்ல அடிப்படை. அதோடு வேகவைத்த முட்டையில் சிறிது, உப்பில்லாமல் குழைய வேகவைத்த ஓட்ஸ் அல்லது சாதம், ஆவியில் வேகவைத்த பூசணி, கோதுமை ரொட்டித் துண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட், எலுமிச்சை வகைப் பழங்கள் ஆகாது. விதைகளை ஓடு நீக்கிக் கொடுங்கள். உங்கள் ஊர் வெப்பத்தில் ஈரமான உணவு சில மணி நேரத்தில் கெட்டுவிடும். மாலையில் அது எழும் நேரத்துக்கு வைத்துவிட்டு, மீந்ததைக் காலைக்குள் எடுத்துவிடுங்கள். படுக்கைக்கடியில் பதுக்கியதையும் மறக்காமல் பாருங்கள், ஆனால் உலர்ந்த விதைச் சேமிப்பை முழுவதும் காலி செய்யாதீர்கள், அதைக் காணாவிட்டால் கலங்கிப்போகும்.

ஊசி கழற்றிய சிரிஞ்சில் கூழ் ஊட்ட நேர்ந்தால், மல்லாத்திப் பிடிக்காமல் நான்கு காலில் நிற்கவைத்து, வாயின் ஓரத்தில் துளித்துளியாக வைத்து, அதுவாக நக்கி விழுங்கும் வரை காத்திருங்கள். பீய்ச்சினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

பின்பகுதி அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், குளிப்பாட்டக் கூடாது. ஓடாத ஹாம்ஸ்டருக்கு நகம் தேயாது, வளைந்து படுக்கையில் மாட்டும், ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வெட்டச் சொல்லுங்கள்.

விலங்குச்செவிலி

நான் டொராண்டோவில் ஒரு விலங்கு மருத்துவமனையில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். வலியைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் ஹாம்ஸ்டர் வலித்தாலும் பெரும்பாலும் கத்தாது, முனகாது. வேட்டைக்கு இரையாகும் சிறு விலங்குகள் நோயை மறைத்துக்கொண்டே வாழப் பழகியவை.

முதுகைக் கூனி, மயிரைச் சிலிர்த்து, கண்களைப் பாதி மூடியபடி கூட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் அது உறக்கமன்று, வேதனை. மூச்சுவிடும்போது விலா இரண்டு பக்கமும் உள்ளே இழுப்பது, வயிறு உப்புவது, காதும் பாதமும் குளிர்ந்து வெளிறியிருப்பது ஆகியவை இதயம் தளர்வதன் அடையாளங்கள். வயதான சிரிய ஹாம்ஸ்டர்களுக்கு இதய மேலறையில் இரத்தம் உறைவதும், அமிலாய்டு என்னும் புரதம் படிந்து சிறுநீரகம் கெடுவதும் அதிகம் காணப்படுகின்றன. இரண்டும் பெண் ஹாம்ஸ்டர்களையே கூடுதலாகத் தாக்குகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். பெண் ஹாம்ஸ்டருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை வெண்மையான, பிசுபிசுப்பான, வாடையுள்ள திரவம் வெளிப்படுவது இயல்பு. ஆனால் அதில் இரத்தம் கலந்திருந்தாலோ, நாள்தோறும் நிற்காமல் வந்தாலோ கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சமையலறைத் தராசில் இரண்டு நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். மல்லி ஏற்கெனவே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது; இனிமேல் குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் பொருள் உண்டு. எடையோடு, அன்று தானாக உண்டதா, மயிரைக் கோதிக்கொண்டதா, குரல் கேட்டு மூக்கை உயர்த்தியதா என்று ஒரு வரி குறித்துவையுங்கள். அன்போடு பார்க்கும் கண் நேற்றையும் இன்றையும் ஒன்றாகவே காணும், குறிப்பேடு மாற்றத்தைக் காட்டிவிடும்.

மனிதருக்கான எந்த மருந்தையும் கொடுக்காதீர்கள். குறிப்பாக, வீட்டில் மீந்திருக்கும் அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுப் பெருக வைத்து, சில நாட்களில் உயிரையே எடுத்துவிடும்.

ஈசூன்வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கூண்டை இன்றே தாழ்த்திவிட்டேன். ஊறவைத்த பெல்லட்டையும் முட்டையையும் மல்லி விரும்பி உண்டது. இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். நிலைமை முற்றினால் ஊசி போட்டு முடித்துவைப்பது நல்லது என்று மருத்துவர் சொன்னார். அதன் உயிர் அதுவாகப் போகட்டும், நாம் எடுக்கக் கூடாது என்கிறார் என் கணவர். எனக்கும் மனம் துணியவில்லை. உறக்கத்திலேயே அமைதியாகப் போய்விடாதா?

விலங்குச்செவிலி

உங்கள் கணவரின் தயக்கத்தை மதிக்கிறேன். உறக்கத்திலேயே போய்விடும் ஹாம்ஸ்டர்களும் உண்டு. கூட்டுக்குள் சுருண்டு, உண்பது படிப்படியாகக் குறைந்து, ஓரிரு நாளில் முடிந்துவிடும் மரணத்தில் நாம் குறுக்கிட வேண்டியதில்லை; வெப்பமும் அமைதியும் அருகில் தண்ணீரும் இருந்தால் போதும். ஆனால் இதய நோய் பல வேளைகளில் அப்படி முடிவதில்லை. நுரையீரலில் நீர் நிறைந்தால் அது பல மணி நேரம் காற்றுக்குத் திணறும், அந்நேரம் நள்ளிரவாகவும் இருக்கலாம். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் உண்ணாமல் இருந்தாலோ, அமர்ந்திருக்கும்போதே மூச்சு இழுத்தாலோ, எழுந்து தண்ணீர் வரை போக முடியாமற் போனாலோ அந்தக் கட்டத்தைத் தாண்ட விடாதீர்கள் என்பதே என் கருத்து. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே ஹாம்ஸ்டரைப் பார்ப்பார்களா என்பதை இப்போதே தொலைபேசியில் விசாரித்துவையுங்கள், ஏனெனில் நாய், பூனைகளை மட்டுமே பார்க்கும் இடங்களும் உண்டு.

முறையாகச் செய்யும்போது முதலில் சிறு பெட்டியிலோ முகமூடியிலோ மயக்க வாயு கொடுத்து நினைவிழக்கச் செய்வார்கள். அதன் பிறகே ஊசி. அதற்கு ஊசியின் வலி தெரியாது. இந்த வரிசையில்தான் செய்வீர்களா என்று முன்னதாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் வலியின்றிப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கொடுமை.

குளிரூட்டியின் காற்று நேரே படும் அறையில் கூண்டை வைக்காதீர்கள். மெலிந்த உடலுக்கு வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் அறை குளிர்ந்து, ஹாம்ஸ்டர் உடல் சில்லிட்டு அசைவற்றுக் கிடக்க, இறந்ததாகக் கருதி அழுதபடி கொண்டுவருவார்கள். கையில் வைத்து மெல்லச் சூடேற்றினால் மீசை அசையும். உங்கள் ஊரில் அது அரிது என்றாலும், நெடு இடைவெளியில் ஒரு மூச்சாவது வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்து, உடல் விறைத்து அது தளராமல் இருப்பதை உறுதிசெய்த பிறகே அடக்கம் செய்யுங்கள்.

கடற்கரைச்சாலை

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நானும் சிங்கப்பூரில்தான் இருக்கிறேன். என் மகளுக்கு ஏழு வயதானபோது எங்கள் ஹாம்ஸ்டர் இறந்தது. தூங்கப் போய்விட்டது, ஊருக்குப் போய்விட்டது என்றெல்லாம் சொல்லாமல், அதன் உடல் முதுமையால் தளர்ந்துவிட்டது, இனி குணமாகாது, விரைவில் இறந்துவிடும் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொன்னோம். குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள். அவன் செய்யக்கூடிய வேலை ஒன்றையும் கொடுங்கள்: மாலையில் கூழ்க் கிண்ணத்தை வைப்பதும், எடையைக் குறிப்பேட்டில் எழுதுவதும் எட்டு வயதுச் சிறுவனால் நன்றாக முடியும். பகலில் எழுப்பித் தூக்காமல், அது தானாக வெளியே வரும்போது தரையில் அமர்ந்து மடியில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அவனை அழைத்துச் செல்வதா வேண்டாமா என்பதை அவனிடமே கேளுங்கள்.

இங்கே பூங்காவிலோ அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழேயோ புதைக்க முடியாது. சிறு விலங்குகளுக்கும் தகனம் செய்து தரும் தனியார் சேவைகள் இருக்கின்றன. சாம்பலைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் தனியாகத் தகனம் செய்யும்படி முன்பே சொல்ல வேண்டும், இல்லையேல் மற்ற விலங்குகளோடு சேர்த்துச் செய்துவிடுவார்கள். எங்கள் மகள் அந்தச் சாம்பலைத் தொட்டியில் இட்டுத் துளசி வளர்த்தாள்.

ஈசூன்வாசி

உங்கள் பதில்கள் அனைத்தையும் கணவரிடம் படித்துக் காட்டினேன். மல்லி தானாக உண்டுகொண்டிருக்கும் காலம் வரை காத்திருப்பது, மூச்சுத் திணறல் தொடங்கினால் தயங்காமல் மருத்துவரிடம் கொண்டுபோவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். இரவு மருத்துவமனை ஒன்றின் எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்துவிட்டேன். ஹாம்ஸ்டரையும் பார்ப்பதாகச் சொன்னார்கள். இன்றைய எடை 113 கிராம் என்று மகன் எழுதியிருக்கிறான்.