டிரவுட் பண்ணைக்குக் கீழே ஓடை: அளவீடுகள் நன்றாக இருக்கின்றன, பூச்சிகளைக் காணோம்

கூழாங்கல்

வணக்கம். மீன்வளத்தில் முதுகலை படிக்கிறேன். என் ஆய்வு ஒரு ரெயின்போ டிரவுட் பண்ணையும் அதற்குத் தண்ணீர் தரும் ஓடையும் பற்றியது. ஓடையிலிருந்து தண்ணீரை வாய்க்காலில் திருப்பி ரேஸ்வே தொட்டிகளுக்கு (தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் நீளத் தொட்டிகள்) விடுகிறார்கள். அது மீன்களைத் தாண்டி மறுபடி அதே ஓடையில் சேர்கிறது.

பண்ணைக்கு மேலே ஓரிடம், தண்ணீர் வந்து சேரும் இடத்துக்குக் கீழே இரண்டிடம் என்று பார்த்து வருகிறேன். வெப்பம் 11 டிகிரி. கரைந்த ஆக்சிஜன் மூன்று இடத்திலும் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஒட்டித்தான் வருகிறது. மீன் கழிவில் வரும் அம்மோனியா சொல்லும்படி இல்லை. தாளில் பார்த்தால் குறையே இல்லாத ஓடை.

ஆனால் மேலே ஒரு கல்லைப் புரட்டினால் தட்டை உடம்பும் மூன்று வாலுமாக மேஃபிளை இளம்பூச்சிகள் கல்லோடு ஒட்டிக்கொண்டே சறுக்கி மறைகின்றன. இரட்டை வால் ஸ்டோன்ஃபிளையும் உண்டு. இரண்டும் சுத்தமான தண்ணீரையே விரும்பும் ஓடைப் பூச்சிகள். கீழே அதே மாதிரி கல்லை எடுத்தால் கை வழுக்குகிறது. பழுப்புப் படலம், அடியில் கரிய சேறு, அதில் நெளியும் சிவப்புப் புழுக்கள். மேஃபிளை அரிதாக ஒன்றிரண்டு, ஸ்டோன்ஃபிளை அறவே இல்லை.

"அளவீடுகளை வைத்து எழுது, பூச்சிகளைப் பின்னிணைப்பில் போடு" என்கிறார் நெறியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை நம்புவது?

பண்ணையாள்

தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. தண்ணி எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?

நான் டிரவுட் பண்ணையிலதான் வேலை பாக்கறேன். காலையில வெளிச்சம் வந்ததும் தொட்டி கழுவுவோம். அடியில படிஞ்சிருக்கற எச்சத்தையும் மிச்சத் தீவனத்தையும் துடைப்பத்தால தள்ளி மடையைத் திறந்தா, கொஞ்ச நேரத்துக்குத் தண்ணி கறுப்பாப் போகும். அப்புறம் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். பத்து பதினோரு மணிக்கு வர்றவங்க பாக்கறது அந்தத் தண்ணியைத்தான். தீவனம் போட்டா மீன் மூச்சு அதிகமா வாங்கும், அம்மோனியா சில மணி நேரம் கழிச்சுத்தான் ஏறும். அதையும் பாத்துக்கங்க.

எங்க பண்ணையில கடைசித் தொட்டியில வலைத் தடுப்பு வச்சு, மீன் நுழையாத ஒரு அமைதிப் பகுதி விட்டிருக்கோம். கசடு அங்க படியும். படிஞ்சதை உறிஞ்சித் தனிக் குழிக்குக் கொண்டுபோயிடுவோம், ஓடையில விடறதில்ல. உங்க பண்ணையில அது இருக்கான்னு பாருங்க.

நீரடி

பண்ணையாள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் பல வருடங்களாக மலை ஓடைகளில் பூச்சிகளைப் பார்த்து வருபவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் அளவீடும் உண்மை, பூச்சியும் உண்மை. பாட்டிலில் பிடித்தது அந்த நிமிடத்துத் தண்ணீரை. ஸ்டோன்ஃபிளை இளம்பூச்சி தண்ணீருக்குள் பெரும்பாலும் ஒரு வருடம் வாழ்கிறது, பெரிய இனங்கள் இரண்டு மூன்று வருடம்கூட. தினமும் காலையில் தொட்டி கழுவிய தண்ணீர் அத்தனையும் அதன் மேல்தான் போயிருக்கிறது. அதைப் பின்னிணைப்பில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் ஆய்வின் மையமே அதுதான்.

அளவீட்டையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். கடல் மட்டத்தில் 11 டிகிரித் தண்ணீர் நிறைசெறிவில் (பிடிக்க முடிந்த முழு அளவில்) லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் 8.7 ஒட்டித்தான் பிடிக்கும். ஆக, உங்கள் 9 என்பது தாழ்ந்த இடமென்றால் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உயரமான மலையென்றால் முழுச் செறிவு. உயரத்தைக் குறித்து, செறிவுச் சதவீதமாக எழுதுங்கள். படலம் மண்டிய ஓடையில் பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் எல்லாம் சேர்ந்து அதை இழுக்கும். விடியும் முன் எடுத்த அளவு இல்லாமல் ஆக்சிஜனைப் பற்றி நான் எதுவும் எழுத மாட்டேன்.

அம்மோனியாவும் அப்படியே. மொத்த அளவில் எவ்வளவு பங்கு நச்சு வடிவில் இருக்கிறது என்பதைப் பிஎச்சும் (அமில-கார அளவு) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 10 டிகிரியில் பிஎச் 7 என்றால் 0.2 சதவீதம், பிஎச் 8 ஆனால் 1.8 சதவீதம். மதிய வெயிலில் பாசி பிஎச்சை ஏற்றிவிடும்.

இன்னொன்று: டிரவுட் வெளியேற்றும் நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாகக் கரைந்தே போகிறது. பாஸ்பரஸ் பெரும்பாலும் எச்சத்தோடு திடமாக விழுகிறது. அமைதிப் பகுதி வைத்தால் பாஸ்பரஸைப் பிடித்துவிடலாம், அம்மோனியாவைப் பிடிக்க முடியாது. உங்கள் கல்லின் மேலுள்ள வழுவழுப்புக்கு, பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ்தான் முதல் சந்தேகம்.

கரிய சேறுதான் எனக்கு அதிகக் கவலை. ஓடையில் இயற்கையாக முட்டையிடும் பிரவுன் டிரவுட் போன்ற மீன்கள் சரளையைத் தோண்டி முட்டையைப் புதைக்கும். 5 டிகிரித் தண்ணீரில் அது பொரிய இரண்டரை மாதத்துக்கு மேலாகும். அதுவரை கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் ஊடுருவி ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுண்சேறு இடுக்கை அடைத்தால் மேலே ஓடுகிற தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் முட்டைக்குப் பயனில்லை.

பூச்சி எடுக்கும்போது ஒன்று கவனம். மேலே ஒரே இடம் போதாது. பண்ணையே இல்லாமலும் ஓர் ஓடையில் இரண்டு இடங்கள் வேறுபடும். மேலே குறைந்தது இரண்டு இடம், கீழே ஓடை எங்கே தேறுகிறது என்று தெரிய இன்னும் தள்ளி ஓரிடம். எல்லாமே ஒரே வேகம், ஒரே ஆழம், ஒரே அளவுக் கல் உள்ள சலசலப்புப் பகுதியாக இருக்கட்டும். காலால் கல்லைக் கிளறி, கீழே வலையை ஊன்றி, ஒவ்வோரிடத்திலும் ஒரே நேர அளவுக்கு எடுங்கள்.

சிவப்புப் புழு எது என்று சொல்லவில்லையே. தலை தெளிவாகத் தெரிந்து, முன்னாலும் பின்னாலும் குட்டிக் கால்கள் இருந்தால் அது கைரோனோமிட் என்ற, கொசு போன்ற கடிக்காத பூச்சியின் புழு. தலையே தெரியாத நூல் போல, முன்பாதி சேற்றில் புதைந்து வால் மட்டும் தண்ணீரில் ஆடினால் டியூபிஃபெக்ஸ் வகை.

கூழாங்கல்

நன்றி அக்கா, நன்றி அண்ணா. நான் எடுப்பது காலை பத்து மணிக்குமேல்தான், வண்டி அப்போதுதான் கிடைக்கிறது. இனி முதல் நாளே போய்த் தங்கி, கழுவும் நேரத்தையும் விடியலையும் சேர்க்கிறேன். பண்ணையில் அமைதிப் பகுதி இல்லை.

புழுவை லென்ஸில் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன. வால் ஆடுவதுதான் அதிகம், குறிப்பாக பண்ணையின் மண் குட்டையில். அந்தக் குட்டையில்தான் குஞ்சுகளை விடுகிறார்கள். சில குஞ்சுகள் வாலைத் துரத்துவது போல வட்டமாகச் சுற்றுகின்றன, வால்பகுதி கறுத்திருக்கிறது. தீவனத்தில் சத்துக் குறைவு என்கிறார் உரிமையாளர்.

நீரடி

சத்துக் குறைவாகவும் இருக்கலாம், மூளையைத் தாக்கும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். ஆனால் கறுத்த வால், சுழற்சி, டியூபிஃபெக்ஸ் மூன்றும் ஒரே குட்டையில் இருந்தால் சுழல்நோயைப் பார்க்காமல் விடக்கூடாது.

அதன் ஒட்டுண்ணி மிக்ஸோபோலஸ் செரிப்ராலிஸ். மீனிலிருந்து மீனுக்கு நேராகப் பரவாது. செத்த மீனிலிருந்து வித்துகள் சேற்றில் விழும், அவற்றை டியூபிஃபெக்ஸ் புழு விழுங்கும். புழுவின் குடலில் வேறு உருவம் எடுத்து, நங்கூரம் போல மூன்று கிளைகளோடு தண்ணீரில் மிதந்து வந்து குஞ்சின் தோலில் ஒட்டும். அங்கிருந்து நரம்பு வழியாகக் குருத்தெலும்புக்குப் போய் அதைத் தின்னும். நோய் 1903-லேயே ஜெர்மனியில் விவரிக்கப்பட்டது. புழுவின் பங்கை வுல்ஃப், மார்க்கிவ் என்ற ஆய்வாளர்கள் 1980-களில்தான் காட்டினார்கள்.  பண்ணைக்காரர் ஓடையில் விடும் கசடு யாருக்குத் தீனி என்று அவருக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மருந்து கிடையாது. குருத்தெலும்பு எலும்பாக இறுகும் வரை குஞ்சுகளை மண் குட்டையில் விடாமல், சிமெண்ட் தொட்டியில் ஊற்று அல்லது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ப்பதுதான் பலன் தந்த வழி. ரெயின்போ குஞ்சுகள் முதல் சில வாரங்களில்தான் மிகவும் பலவீனமானவை.

குஞ்சுகளின் தலையைத் தனியாக எடுத்து மீன்நோய் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குருத்தெலும்பைக் கரைத்து வித்துகளைத் தேடுவார்கள், பிசிஆர் மரபணுச் சோதனையிலும் உறுதி செய்வார்கள். முடிவு வரும்வரை அந்தக் குட்டையில் நனைந்த வலையையும் பூட்ஸையும் மேல் ஓடையில் இறக்காதீர்கள்.

பண்ணையாள்

குட்டைச் சேறு கையோட மறுபடி ஓடைக்குப் போகாம பாத்துக்கங்க தங்கச்சி. உரிமையாளர்கிட்ட நான் வேணா பேசறேன், தனிச் செய்தியில வாங்க. அமைதிப் பகுதிக்குத் தடுப்புக் கம்பி எப்படி அமைக்கறதுன்னு படம் வரைஞ்சு தர்றேன்.