தாவீதை ஏவியது யார்: கர்த்தரா, சாத்தானா?

கேள்வி (வழிப்போக்கன்):
பைபிளில் 2 சாமுவேல் 24:1-இன் எபிரேய மூலத்தில், ஜனத்தை எண்ணும்படி இஸ்ரவேல் அரசன் தாவீதை ஏவுகிறவர் கர்த்தர். அதே சம்பவத்தை 1 நாளாகமம் 21:1 சாத்தானின் வேலை என்கிறது. கடவுளைப் பற்றிய எண்ணம் இடையில் மாறிவிட்டதா? பாரசீக மதத் தாக்கம்தான் காரணமா?

பதில் (ஏட்டுப்புழு):
மாறியிருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய நாளாகமக்காரர் சாமுவேல் நூலின் கதையை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படைத்தலைவன் யோவாபின் ஆட்சேபம், எண்ணியதற்காகத் தாவீது தேர்ந்தெடுக்க வேண்டிய மூன்று தண்டனைகள், கொள்ளைநோயில் 70,000 பேர் சாவு எல்லாம் இரண்டிலும் இருக்கும். (தாவீது பலிபீடம் கட்ட வாங்கும் களத்தின் விலை 50 வெள்ளிச் சேக்கலிலிருந்து 600 பொன் சேக்கலுக்கு ஏறிவிட்டது. ஆலயம் எழும் இடமாயிற்றே!)

தானே ஏவிவிட்டுத் தானே தண்டிக்கும் கடவுள் பழைய எழுத்தாளர்களுக்கு உறுத்தவில்லை. சவுல் அரசனைக் கலக்கும் பொல்லாத ஆவியும் (1 சாமு. 16:14), தீர்க்கதரிசிகள் வாயில் பொய்யின் ஆவியும் (1 இராஜா. 22) அவரிடமிருந்தே வருகின்றன. நாளாகமக்காரருக்கு அது உறுத்தியிருக்கிறது.

பாரசீகத்தை அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். யோபுவிலும் சகரியா 3-லும் சாத்தான் கடவுளின் சபையில் நின்று குற்றஞ்சாட்டுகிறவன்தான். பாரசீக மதத்தின் தீய ஆவிபோலச் சரிக்குச் சரி நிற்கும் எதிரி அல்ல.

பதில் (களிமண்பலகை):
நடுவில் ஏசாயா 45-ஐ வையுங்கள். பாரசீக அரசன் கோரேசின் பெயர் வருவதால் காலம் தெரிகிறது: பாபிலோன் அவனிடம் விழுந்த கி.மு. 539-ஐ ஒட்டியது. 'என்னைத் தவிர வேறொருவரில்லை' என்பவர் 7ஆம் வசனத்தில் இருளும் தீங்கும்கூடத் தன் படைப்பே என்கிறார். நியாயாதிபதிகள் 11:24-இல் இஸ்ரவேல் தலைவன் யெப்தா, அண்டை ஜனத்தின் தெய்வமான காமோஸ் தன் ஜனத்துக்கு நிலம் கொடுப்பதைச் சாதாரணமாகப் பேசுகிறான். அவரவர்க்கு ஒரு தெய்வம் இருந்தவரை தீமைக்குக் கணக்குக் கேட்கும் நெருக்கடி குறைவு. ஒரே கடவுள் என்றானதும் அது முழுவதும் அவர்மேல் விழுகிறது. நாளாகமம் அதற்குப் பிந்தியது.

ஒரு எச்சரிக்கை: புத்தக வரிசையைக் கால வரிசையாக எடுத்தால் எல்லாம் குழம்பும். ஆதியாகமம் 1-ஐவிட நியாயாதிபதிகள் 5-இல் உள்ள தெபோராளின் பாட்டு மிகப் பழையது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து.

பதில் (நைல்கரை):
ஒரே கடவுள் என்ற எண்ணத்துக்கு எல்லோரும் படிப்படியாக ஏறினார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏசாயா 45-க்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, எகிப்தின் எலிபன்டைன் தீவில் யூதப் படைவீரர்களின் நன்கொடைப் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. தலைக்கு 2 சேக்கல் வெள்ளி. மொத்தத்தில் யாகோவுக்கு (கர்த்தரின் எபிரேயப் பெயரின் ஒரு வடிவம்) 12 கர்ஷ் 6 சேக்கல் (ஒரு கர்ஷ் 10 சேக்கல்), கூடவே வேறு இரு தெய்வங்களான எஷெம்பெத்தேலுக்கு 7 கர்ஷ், அனாத்பெத்தேலுக்கு 12 கர்ஷ். இடிக்கப்பட்ட தங்கள் யாகோ ஆலயத்தைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு, கி.மு. 407-இல் யூதாவின் ஆளுநருக்குக் கடிதம் எழுதியதும் இதே சமூகம்தான்.