கோத்தகிரி வீட்டு மீன் தொட்டி: ஒரு குடும்பக் குழு

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். அப்பா தெவசம் ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்கு, கோத்தகிரி வீட்லயே. அடுத்த வாரம் வீட்டுக் கிரயம். வீட்டுப் பின்னாடி இருக்கற மீன் தொட்டியக் காலி பண்ணிக் குடுக்கச் சொல்றாங்க, வாங்கறவங்க. சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டு வண்டில அவலாஞ்சி போயி, அப்பா வளத்த மீனையெல்லாம் டேம்ல விட்டர்லாம்னு இருக்கேன். அவருக்கும் புண்ணியம்.

கோமதி அத்தை: நல்ல யோசனை கண்ணு 🙏

ரமேஷ்: அவலாஞ்சின்னா நானும் வர்றேன்

வித்யா: எத்தனை எலை வாங்கணும்ணா?

செந்தில்: 30

சுந்தரம் சித்தப்பா: செந்திலு, தொட்டில என்னென்ன மீன் கெடக்குது?

செந்தில்: கோய் பத்துப் பதினஞ்சு இருக்கும் சித்தப்பா. கோல்டு ஃபிஷ் கொஞ்சம்.

சுந்தரம் சித்தப்பா: டேம்ல விடாதே.

ரமேஷ்: ஏனுங் மாமா, அதும் தண்ணிதானுங்களே

சுந்தரம் சித்தப்பா: மாப்ள, கோய்ங்கறது கலர்க் கெண்டைதான். நல்லா வளந்த பொட்டைக் கெண்டை ஒரு தடவைக்கு லட்சக்கணக்குல முட்டை போடும். அடிச் சேத்தை வாயால உறிஞ்சி, புழுவை எடுத்துட்டு மிச்சத்தைத் துப்பும். நாள் பூரா அதேதான் வேலை, தண்ணி தெளியவே தெளியாது. அவலாஞ்சில இருக்கற டிரவுட்டு குளுந்த தண்ணி மீனு, கண்ணால பாத்து இரை புடிக்கும். தண்ணி கலங்குனா பட்டினிதான். அது முட்டை வைக்கறது ஓடைல, பொடிக்கல்லுக்கு நடுவால குழி பறிச்சு. கல்லு சந்துல தண்ணி ஓடுனாத்தான் முட்டைக்கு மூச்சு. அங்க சேறு படிஞ்சா அத்தனையும் போச்சு. அவலாஞ்சி டிரவுட்டுப் பண்ணைல நான் வேலை பாக்கறப்போ செத்த முட்டைய ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுப்போம். செத்தது வெள்ளையாயிரும். விட்டா பக்கத்து முட்டைக்கும் பூஞ்சை ஏறிரும். அந்தத் தண்ணில கை வெச்சா விரல் மரத்துப் போகும். அப்படிப் பொறுக்கி வளத்த குஞ்சுகளைக் கொண்டுபோயி விட்ட தண்ணி அது.

சுமதி: சித்தப்பா இவ்ளோ பெரிய மெசேஜா

கோமதி அத்தை: அண்ணனுக்கு மீனைப் பத்திப் பேசுனா சோறு தண்ணி வேண்டாம்

ரமேஷ்: மாமா, பக்கத்து எமரால்டு டேம்ல கெண்டை ஏற்கெனவே இருக்குதுங்களே. நானே வாங்கித் தின்னிருக்கேன்

சுந்தரம் சித்தப்பா: இருக்குது. 1939ல சிலோன்ல இருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவந்தாங்க. கீழ இருக்குதுன்னு மேல ஓடை வரைக்கும் நாமளே கொண்டுபோயி விடறதா? மீனோட பேனும் போகும், டிரவுட்டையும் அது விடாது. ஏறுனா கழட்டறது லேசுப்பட்ட வேலை இல்ல.

வித்யா: அப்பா, டிரவுட்டே வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதுதானே? அது மட்டும் நம்ம மீனா?

சுந்தரம் சித்தப்பா: சரியான கேள்வி அம்மிணி. மீன் ஆராய்ச்சி பண்ண பிரான்சிஸ் டேங்கற வெள்ளைக்கார டாக்டர் 1860கள்லயே கொண்டுவரப் பாத்தாரு, நிக்கல. அப்பறம் வில்சன் துரை வந்து நிக்க வெச்சாரு. 1907ல அவலாஞ்சிப் பண்ணை வந்துச்சு. அதுக்கு முன்னால மேட்டுல இருந்தது சின்னச் சின்ன ஓடை மீனுகதான். பெருசு வந்தா சிறுசைத் தின்னுச்சா இல்லியான்னு அன்னைக்கு யாரும் எண்ணிப் பாக்கல. ஒரு தடவை கேக்காம விட்டாங்கன்னு நாமளும் கேக்காம விடக்கூடாது.

கோமதி அத்தை: பாயசம் பால் பாயசமா பருப்புப் பாயசமா?

சுமதி: பருப்பு

இளங்கோ: இங்க ராத்திரி 11, இப்பத்தான் பாக்கறேன். சித்தப்பா சொல்றது நூத்துக்கு நூறு. நான் இருக்கற ஸாக்ரமெண்டோவுக்கு வடக்கால மலைல டேவிஸ் ஏரின்னு டிரவுட் ஏரி. 1994ல அங்க பைக் மீன் சிக்குச்சு. யாரோ கொண்டுவந்து விட்டது. டிரவுட்ட முழுங்கற சாதி. 1997ல ஏரில மருந்தக் கலந்து அத்தனை மீனையும் கொன்னாங்க

ரமேஷ்: அத்தனையுமா??

இளங்கோ: ஆமா மாமா. பக்கத்துல போர்ட்டோலா ஊருக்குக் குடிதண்ணியே அதுதான், ஊரே சண்டைக்கு நின்னுச்சு. 1999ல மறுபடியும் பைக். 2007ல மறுபடியும் மருந்து

வித்யா: யார் விட்டாங்க?

இளங்கோ: தெரியல

செந்தில்: எல்லாரும் அப்பாவ ஏதோ தப்புப் பண்ண மாதிரி பேசறீங்க. அவர் அந்த மீனுகளுக்குத் தினம் பேர் சொல்லித் தீனி போட்டவரு

சுந்தரம் சித்தப்பா: அண்ணன் மேல எனக்கில்லாத அக்கறையா செந்திலு? தொட்டில வளத்ததுல ஒரு தப்பும் இல்ல. அது தொட்டிலயே சாகற வரைக்கும் இருக்கட்டும்னுதான் சொல்றேன்.

செந்தில்: தொட்டிய இடிக்கப் போறாங்களே

சுந்தரம் சித்தப்பா: வீட்ட விக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருந்தா

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கோமதி அத்தை: அண்ணா, தெவசத்தன்னைக்கு அதெல்லாம் வேண்டாம்

செந்தில்: நான் படிச்சிட்டேன் சித்தப்பா

வித்யா: மேட்டுப்பாளையத்துல மாமா வீட்ல சிமெண்ட் தொட்டி சும்மாதானே கெடக்குது?

ரமேஷ்: சும்மா இல்ல, தென்னைக்குத் தண்ணி எடுக்கறேன்

சுமதி: அதுல பாசிதான் கெடக்குது. நான் துணி அலசற பக்கம் வராம இருந்தா சரி

ரமேஷ்: வெயில் தாங்குமா மாமா?

சுந்தரம் சித்தப்பா: தாங்கும், கெண்டைக்குச் சமவெளி ஒத்துக்கும். ஆனா உடனே தூக்கிப் போடக்கூடாது. கவரோட தொட்டில மிதக்க விட்டு, தண்ணி சூடு சமமானதும் கொஞ்சங் கொஞ்சமாக் கலக்கணும். மேல வலை கட்டணும். மழைல தொட்டி ரொம்பி வாய்க்காலுக்குப் போகக்கூடாது. பவானி பக்கத்துலதான் ஓடுது.

ரமேஷ்: வலை யாருங் மாமா வாங்கறது

செந்தில்: கோய் வேணா அங்க போகட்டும். கோல்டு ஃபிஷ் நாலஞ்ச மட்டும் அப்பா நெனைவுக்கு டேம்ல விடறேனே. அது சின்ன மீனுதானுங்

சுந்தரம் சித்தப்பா: அதும் கெண்டைச் சாதிதான் தம்பி. தொட்டிலதான் சின்னது. ஏரில விட்டா ஒரு அடிக்கு வளரும்.

இளங்கோ: அண்ணா வேண்டாம்

செந்தில்: ஞாயித்துக்கிழமை நேர்ல பேசிக்கலாம்

சுந்தரம் சித்தப்பா: நான் சனிக்கிழமையே வந்தர்றேன். பெரிய கவர் நான் எடுத்தாறேன். மீனுக்கு வெள்ளிக்கிழமையிருந்து தீனி போட வேண்டாம், வண்டில தண்ணிய நாஸ்தி பண்ணிரும்.

கோமதி அத்தை: அண்ணா வர்றப்போ குன்னூர் மார்க்கெட்ல பீன்ஸ் ரெண்டு கிலோ

ரமேஷ்: மீன் இல்லேன்னாலும் அவலாஞ்சி போறோம்ல?

சுமதி: உள்ள ஃபாரஸ்ட் வண்டிலதான் போகணும், ஞாயித்துக்கிழமை கூட்டம்

வித்யா: வண்டி ஒண்ணா ரெண்டா? இன்னும் யாரும் சொல்லல