விடிஞ்சதும் ‘எல்லாம் கனவு’ன்னா எப்படிங்க?

கடைசிவரிசை:
கரீபியக் கவிஞர் டெரிக் வால்காட்டோட ‘ட்ரீம் ஆன் மங்கி மவுண்டன்’ நாடகத்தை நேத்து ராத்திரி படிச்சு முடிச்சேன். கரீபியத் தீவு மலையில கரி சுட்டு விக்கிற கிழவன் மக்காக். ஒரு கடையை அடிச்சு நொறுக்கினதுக்காக லாக்கப்ல போடுறாங்க. ஒரு வெள்ளைத் தேவதை வந்து ‘நீ ஆப்பிரிக்க ராஜவம்சம்’னு சொன்னாளாம். கிளம்பிட்டான். பாம்புக்கடிக்காரனைப் பிழைக்க வைக்கிறான், ராஜாவாகிறான், கடைசியில அந்தத் தேவதை தலையையே வெட்டுறான். அப்புறம் பார்த்தா லாக்கப்லயே கிடக்கான். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் என்ன இளிச்சவாயனா?

அரிக்கேன்:
ஆரம்பத்துல லாக்கப் போலீஸ்காரன் கார்ப்பரல் லெஸ்ட்ரேட் ‘உன் இனம் என்ன?’ன்னு கேட்கிறான். கிழவன் ‘அசதியா இருக்கு’ங்கிறான்! மக்காக்னா அங்க குரங்கு. ஊர் வச்ச பேரு. முப்பது வருஷமா கண்ணாடி பார்க்காத ஆளு. விடிஞ்சப்புறம் பேரு கேட்டா ‘பெலிக்ஸ் ஹோபேன்’ங்கிறான். வெறும் கனவுன்னா அந்தப் பேரு எங்கிருந்துங்க வந்தது?

கடைசிவரிசை:
பேரு வந்தது சரி. கிழவனோட நண்பன் மூஸ்டிக், கனவுல செத்தவன், அவனும் வந்துட்டானே! மக்காக் மாதிரி வேஷம் போட்டு சந்தையில வைத்தியம்னு காசு பிடுங்குறான். சிலந்தியைப் பார்த்து அலறினதுல குட்டு உடைஞ்சு, ஜனங்க அடிச்சே கொல்றாங்க. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. காலையில அவனே வந்து நண்பனைக் கூட்டிட்டுப் போறான். அப்ப நான் பட்டதுக்கு யாரு பொறுப்பு?

அரிக்கேன்:
வால்காட் முன்குறிப்புலயே சொல்லிட்டாரே. கனவு எல்லாப் பாத்திரங்களோடதும், எழுதினவரோடதும். முன்னுக்குப் பின் முரணாத்தான் இருக்குமாம்.

சுண்ணாம்பு:
ரெண்டு பேரும் சிரிக்கவே இல்லையா? மக்காக்கோட ராஜசபையில தண்டிக்க வேண்டியவங்க பட்டியல் வாசிக்கிற இடம்! பிளேட்டோ, ஷேக்ஸ்பியர், கலிலியோ, லிங்கன், கூடவே டார்ஜான், மாண்ட்ரேக். நம்ம காமிக்ஸ் மாண்ட்ரேக்கேதான். குற்றம், வெள்ளையாப் பொறந்தது. கறுப்பின எழுச்சிப் பேச்சையே கிண்டலடிக்கிறார் மனுஷன். 1971ல நியூயார்க்ல நீக்ரோ என்செம்பிள் கம்பெனிங்கிற கறுப்பின நாடகக் குழு இதை மேடையேத்தினப்ப அந்த அலை வேகமா அடிச்ச நேரம். துணிச்சல்தான்.

அரிக்கேன்:
கிண்டல் அந்தப் பேச்சு மேல இல்லைங்க, லெஸ்ட்ரேட் மேல. வெள்ளைக்காரன் சட்டத்துக்கு விக் மாட்டி நின்னவன், காட்டுல மனசு மாறி, ஆப்பிரிக்கச் சட்டத்துக்கும் அவனே காவல். கட்சி மாறினாலும் லத்தி மாறலை. இந்த ஆளை நாம பார்த்ததே இல்லையா?

கடைசிவரிசை:
லெஸ்ட்ரேட் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா தேவதையை வெட்டச் சொல்லித் தூண்டுறதும் அவன்தான். போலீஸ்காரன் ஏவி வந்த விடுதலை கிழவனோடதா?

அரிக்கேன்:
வெட்டுறதுக்கு முன்னாடி கிழவன் ராஜ அங்கியைக் கழட்டிடுறான், கவனிச்சீங்களா? லெஸ்ட்ரேட் அதைச் சொல்லித் தரலை.

கடைசிவரிசை:
அது கண்ணுல படலை. இன்னிக்கு அந்தக் காட்சியை மறுபடி படிக்கிறேன். மூஸ்டிக் விஷயத்துல மட்டும் இறங்கி வர மாட்டேன்.