ஃபட்டீக்: களைப்பா, அயர்வா, நைவா?

வணக்கம் ஐயா. தாங்கக்கூடிய சுமையே திரும்பத் திரும்ப வந்து உலோகம் விரிசல் விட்டு முறிவதை ஆங்கிலத்தில் ஃபட்டீக் (fatigue) என்கிறார்கள். எஃகின் மேல் வெப்பத் தெளிப்புப் பூச்சு (சூடான துகள்களைத் தெளித்துப் போடும் பூச்சு) பற்றிய உங்கள் பத்தியில், அதைத் தாங்கும் திறனுக்கு நீங்கள் இட்ட ‘களைப்பு வலிமை’ என்ற சொல் எனக்கு இடறுகிறது. களைத்த ஆள் ஒரு சொம்பு மோர் குடித்துத் திண்ணையில் சாய்ந்து எழுந்தால் தெளிந்துவிடுவார். எஃகு அப்படி இல்லை. லட்சம் முறை சுமை ஏறி இறங்கி விழுந்த விரிசல், எந்திரத்தை ஒரு மாதம் நிறுத்தி வைத்தாலும் மூடாது.

‘அயர்வு’ புழக்கத்தில் இருப்பது தெரியும். ஆனால் வினையாக்கிப் பாருங்கள்: ‘வண்டி அச்சு அயர்ந்தது’ என்றால் தூங்கிப்போனது என்றுதான் காதில் விழுகிறது.

என் பரிந்துரை ‘நைவு’. கிணற்றுக் கயிறு கப்பியில் வளைந்து நிமிர்ந்து, ஒரே இடத்தில் புரிபுரியாக விட்டு, ஒருநாள் தினமும் இறைத்த அதே வாளிக்கு அறுந்துவிடும். ‘கயிறு நைஞ்சு போச்சு’ என்போம். தாங்கக்கூடிய சுமைதான், ஓயாமல் வந்ததால் அறுந்தது. நைந்தது, நைகிறது, நையும் என்று வினையும் கூடவே வருகிறது.

தேய்வோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். கயிற்றில் இரண்டும் கலந்துதான் இருக்கும், சரி. அதனால் பூச்சு விஷயத்திலேயே சோதித்தேன். விமானச் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டுக்குக் கடின குரோம் முலாம் போட்டால் தேய்வு குறையும். ஆனால் முலாமில் இயல்பாகவே உள்ள நுண்விரிசல்களாலும் இழுவிசைத் தகைவாலும் (உள்ளேயே தங்கி, விரிசலை இழுத்துத் திறக்கப் பார்க்கும் விசை) நைவு வலிமை இறங்கும். இப்போது பல தண்டுகளில் அதற்குப் பதிலாக டங்ஸ்டன் கார்பைடு, கோபால்ட், குரோமியம் சேர்ந்த துகள்களை ஒலியின் வேகத்தை மிஞ்சும் சுடர்த்தாரையில் ஏற்றி அடிக்கிறார்கள். ஒவ்வொரு துகளும் சுவரில் அறைந்த வறட்டிபோலத் தட்டையாகி ஒட்டும். பின்னால் வரும் துகள்கள் சின்னச் சுத்தியலாக அதன்மேல் மோதும். அந்த அடியில் பூச்சுக்குள் அமுக்கத் தகைவு (இறுக்கி நெருக்கும் விசை) தங்கிவிட்டால் விரிசல் எளிதில் வாய் திறக்காது. அதனால் பெரும்பாலும் குரோமைவிட நைவு இழப்பு குறைவு. ஆனால் பூசுமுன் அலுமினாத் துகளடித்துச் சொரசொரப்பாக்கும் வேலை கை மீறினால், எஃகில் பதிந்த ஒரு துணுக்கே விரிசலுக்கு முளையாகிவிடும்.

இத்தனை வரிகளில் தேய்வும் நைவும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. தேய்வில் மேலே பொருள் கரைகிறது, நைவில் விரிசல் உள்ளே வளர்கிறது. நைவு வரம்பு, நைவு விரிசல், அரிப்பு நைவு எல்லாம் தடையின்றி அமைகின்றன.

உங்கள் பத்தியின் முதல் வரியை இப்படிப் படித்துப் பாருங்கள்: ‘பூச்சு எஃகைத் தேயாமல் காக்கும், நையாமல் காக்குமா என்பது பூசும் முறையைப் பொறுத்தது.’ உறுத்தினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.