டியூன் இரண்டாம் பாகம்: மறுமுறை பார்த்த பின் (புதுப்பிப்பு)

டியூன் படத்தின் நாயகன் பால் அட்ரைடிஸின் காதலி சானியின் கதைமுடிவை மாற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்று முதல் நாள் கொதித்து எழுதியிருந்தேன். நேற்று மறுபடியும் பார்த்தேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். படத்துக்கு மூலமான, 1965-இல் வந்த ஹெர்பர்ட்டின் நாவலில் சானி நாயகன் பாலுடனேயே இருந்துவிடுகிறாள். இயக்குநர் வில்னவ் படத்தில், மீட்பராகிவிட்ட பாலின் முன் எல்லோரும் மண்டியிட, அவள் மட்டும் மறுத்து, ஏறிப் போக ஒரு ராட்சத மணற்புழுவைத் தேடி வெளியேறுகிறாள். மீட்பர்களை நம்பாதே என்ற நாவலின் எச்சரிக்கை அவளுடைய அந்த முகத்திலேயே இருக்கிறது! எப்படித் தவறவிட்டேன்?

வில்லன்களின் கிரகமான கீடி பிரைமில் நடக்கும் அரங்கச் சண்டைக் காட்சி கறுப்பு வெள்ளைதானா என்று ஒருவர் கேட்டிருந்தார்: அது வெறும் கறுப்பு வெள்ளை அல்ல, அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது. அதனால்தான் தோல் அப்படி வெளிறித் தெரிகிறது. பெரிய திரையில் உடல் சிலிர்க்கிறது.

பாலின் தங்கை ஆலியா விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. நாவலில் வருவதுபோல, வில்லன் பாரன் ஹார்கோனனைக் கொல்வது அவள் கையாக இருந்திருக்க வேண்டும்.